வாயுள்ள பிள்ளை வாய்மூடி நிற்பது ஏன்?

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயின், உழைத்துப் பிழைக்கும் இடங்களிலே நாம் காண்பது இதற்கு நேர்மாறான காட்சி. வீட்டில் கலகலவெனப் பேசுபவர், வேலைத்தலத்தில் அநீதியைக் கண்டும் வாய் திறவாது நிற்கிறார். இதைக் கோழைத்தனம் என்பாரும் உளர். அடக்கம் என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா என்பதற்கு நமது மலையகத்தின் வரலாறே சான்று.

தேயிலைத் தோட்டங்களில் மௌனம் தானாக முளைத்ததன்று, நட்டு வளர்க்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்த கங்காணி, முன்பணம் கொடுத்தே கூட்டி வந்தார். வழிச்செலவும் தொழிலாளியின் தலைமேல் கடனாக ஏறியது. அக்கடனைச் செலுத்துவோரிடம் ஆட்களை விட்டுவிடச் சம்மதம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பதரிது. 1865ஆம் ஆண்டின் தொழிற்சட்டமோ, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்றவரைச் சிறைக்கும் அனுப்ப இடமளித்தது. கடன் கொடுத்தவரே மேற்பார்வையாளராகவும் இருக்கையில், முறையிடுவது யாரிடம்? துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அது பழக்கிய அச்சம் அத்துடன் ஒழியவில்லை.

ஏனெனில், லயம் நிலைத்து நின்றது. தொழிலாளியின் தலைக்கு மேலிருந்த கூரையும் தோட்டத்திற்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பெரட்டுக் களத்தில் ஒருவன் துணிந்து ஒரு சொல் சொன்னால், அதன் விலையை அவன் மட்டுமா கொடுப்பான்? அதே தோட்டத்தில் பேர் போடும் தாயும் தாரமும் தம்பியும் சேர்ந்தே கொடுக்க நேரும். ஆகவே அவன் மௌனம், குடும்பத்தைக் காக்கும் கணக்காயிற்று.

எனினும் வாய் திறந்தோர் இல்லாமலில்லை. வெளியார் தோட்டத்திற்குள் கால் வைக்கத் தடையிருந்த நாளில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை அமைத்து அட்டனைக் களமாகக் கொண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, விழிப்பூட்டும் பாடல்களைப் பாடி மக்களைக் கூட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீசாரின் குண்டுக்கு இரையானார். அந்த வெடியோசை மலைநாட்டை அடக்கிவிடவில்லை. அவ்வாண்டில் வேலைநிறுத்தங்கள் மேலும் பரவின.

பின்னர் வேறொரு பூட்டு விழுந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றவர் என்ற பெயர் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்டிலேயே குரலற்றவர், தோட்டத்தில் எங்ஙனம் குரலெழுப்புவர்?

அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், குறை கண்டவருக்கு இரு வழிகள் உண்டென்றார். ஒன்று விலகிச் செல்வது; மற்றொன்று வாய் திறந்து சொல்வது. நம் முன்னோருக்கோ கடன் முதல் வழியை அடைத்தது; அச்சம் இரண்டாம் வழியை அடைத்தது. எஞ்சியது மௌனமே.

இந்த மௌனத்தால் நட்டமடைவது தொழிலாளி மட்டுமா? மலையில் குளவிக்கூடு இருப்பதை முதலில் காண்பவள் கொழுந்து பறிக்கும் பெண். அன்றைய பேர் அரைப்பேராகுமோ என அஞ்சி அவள் பேசாதிருந்தால், குளவி கொட்டுவது அவளை மட்டுமன்று. அந்த நிரையில் நிற்கும் அனைவரையுமே. தராசில் நீருக்கும் சாக்குக்கும் என நியாயத்திற்கு மேல் கழிக்கப்படும் கிலோவும் அவ்வாறே. இன்று ஒருத்தி கேளாது விட்டது, நாளை எல்லோர்க்கும் வழக்கமாகிவிடும். நிருவாகமோ, யாரும் குறை கூறவில்லையாதலால் குறையே இல்லையென எண்ணிக்கொள்ளும். சுகக்கேட்டைச் சொல்லாத நோயாளிக்கு வைத்தியர் என்ன செய்ய முடியும்?

ஆகவே, ‘துணிந்து பேசு’ என்று ஒருவனை மட்டும் தூண்டிவிடுதல் அறமாகாது. பேசியவனுக்குத் தீங்கு நேராதபடி காத்தலே முதற்கடமை. வீடும் காணியும் தொழிலாளிக்கே உரிமையாக வேண்டும் என்னும் கோரிக்கையின் உட்பொருளும் இதுவே; கூரை தன்னுடையதானால் குரலும் தன்னுடையதாகும். தனியொருத்தி சொல்லத் தயங்குவதைப் பத்துப் பேர் கூடிச் சொல்லலாம். நாளும் இடமும் குறித்து எழுதி வைக்கலாம். சந்தா வாங்கும் தொழிற்சங்கம் அதனைத் தட்டாமல் எடுத்துச் செல்ல வேண்டும். குறை கேட்கும் உத்தியோகத்தர், சொன்னவர் யாரென்று தேடாமல், சொன்னது மெய்யா என்று தேட வேண்டும்.

மாணவர்களே, நாளை நீங்கள் கொழும்புக் கடையிலோ, கந்தோரிலோ, பாடசாலையிலோ பணியாற்றப் போகிறவர்கள். அங்கே வாய்மூடி நிற்கும் ஒருவரைக் கண்டால் இகழாதீர்கள். அவர் வாயைப் பூட்டியது எது என்று கேளுங்கள். நீங்களே மேலாளர் ஆகும் நாளில், அப்பூட்டின் திறவுகோல் உங்கள் கையில்தான் இருக்கும்.