சேறு படிந்த சேலையில் 360 பொம்மை! உண்டியல் குலுக்காமல் நிதி திரட்டிய கில்லாடிகள்

சாயங்கால ரெயிலில் உண்டியல் குலுங்கும் சத்தம் கேட்டால் போதும். பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வார்கள். மீதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். கடை வாசலில் உண்டியல் வந்து நின்றால், "சில்லறை இல்லேப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று கடைக்காரர் கையை விரிப்பார்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. உண்டியலில் விழுந்த காசு எங்கே போகிறது என்று போடுகிறவருக்குத் தெரிவதில்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரும் எல்லா ஆசாமிகளையும் நம்பவும் முடியாது.

ஆனால் இதே ஜனங்களிடம் லட்சம் லட்சமாக, கோடி கோடியாகத் திரட்டிய குழுக்களும் உண்டு. அவர்கள் வெறும் கையை நீட்டவில்லை. கொடுக்கிறவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஓணத்துக்கு நெய்த சேலை

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். எர்ணாகுளம் மாவட்டத்தில் சேந்தமங்கலம் என்று ஓர் ஊர். (நம்ம நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல. இது வடக்குப் பறவூர் அருகே உள்ளது.) கைத்தறிக்குப் பேர் போன இடம். ஓணம் விற்பனைக்காக நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகளும் வேட்டிகளும் தண்ணீரில் மூழ்கின. தறிகளும் சேற்றில் சிக்கின.

ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை. நெசவாளிகளுக்கு வருஷத்தின் பெரிய வியாபாரமே ஓணம்தான். வெள்ளைச் சேலையில் சேற்றுக் கறை ஏறினால் யார் வாங்குவார்கள்? துவைத்தும் போகவில்லை. அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு.

அப்போது கொச்சியைச் சேர்ந்த லட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்ற இருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சேலையைக் கொதிக்க வைத்துக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்தார்கள். கறை போகாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். துணியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நூலால் கட்டி, விரல் நீளப் பொம்மை ஆக்கினார்கள். கைப்பையில் தொங்கவிடலாம். பெயர் "சேக்குட்டி". சேற்றில் இருந்து பிழைத்து வந்த குட்டி என்று அர்த்தம். மலையாளத்திலும் சேறு சேறுதான்!

இப்போது கணக்கைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சேலை 1,300 முதல் 1,500 ரூபாய் வரை போகும். அதே சேலையில் 360 பொம்மைகள். ஒரு பொம்மை 25 ரூபாய். மொத்தம் 9,000 ரூபாய்! பணம் நெசவாளர்களுக்கு.

அத்தனை பொம்மைகளை யார் கட்டுவது? பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கட்டினார்கள். கூலி கிடையாது. தன் கையால் கட்டிய பொம்மையை விற்றுக் கொடுக்க யாரும் கூச்சப்படவில்லை. கறை தெரியத் தெரிய வாங்கினார்கள். கறைதானே அதற்கு அத்தாட்சி!

பழைய பேப்பரில் ரூ.10 கோடி

கேரளத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 2020-ல் கொரோனா நேரத்தில் டி.ஒய்.எப்.ஐ. வாலிபர்கள் வீடு வீடாகப் போனார்கள். காசு கேட்கவில்லை. பழைய பேப்பர், உடைந்த இரும்பு, பிளாஸ்டிக் என்று வேண்டாத சாமானை எல்லாம் கேட்டார்கள். பரணில் கிடந்ததைக் கொடுக்க யாருக்கு வலிக்கும்? அப்படி விற்று முதல்-மந்திரி நிவாரண நிதிக்குக் கொடுத்த தொகை 10 கோடி ரூபாய்க்கு மேல்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். 1934-ல் அரிஜன நிதி திரட்டத் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தி, தனக்குக் கொடுத்த பரிசுகளை மேடையிலேயே ஏலம் விட்டுக் காசாக்கியவர்தான்.

ராத்திரி முழுக்க ஓடிய டாக்டர்

அமெரிக்காவில் டகோமா என்ற ஊரில் கார்டி கிளாட் என்று ஒரு டாக்டர். குடல் ஆபரேஷன் நிபுணர். 1985 மே மாதம் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி சேர்க்க மைதானத்தில் 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடினார். மொத்தம் 83 மைல். கூட அரை மணி நேரம் ஓடவோ நடக்கவோ விரும்புகிறவர் 25 டாலர் கட்ட வேண்டும். அந்த ஒரு நாளில் 27,000 டாலர் சேர்ந்தது.

அடுத்த வருஷம் டாக்டரை நம்பி நிற்கவில்லை. 19 குழுக்கள் வந்தன. குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் ராத்திரி முழுக்க நடந்தார்கள். அதுவே பல நாடுகளுக்குப் பரவியது. ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலே நம்ம ஊரிலும் செய்யக்கூடியது.

தாத்தா சேர்த்த பேர்

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? இங்கிலாந்துக் கதையைக் கேளுங்கள். 2020-ல் டாம் மூர் என்ற 99 வயது மாஜி ராணுவ கேப்டன், நடக்க உதவும் வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் 100 தடவை நடந்தார். 1,000 பவுன் கிடைத்தால் போதும் என்றுதான் ஆரம்பம். வந்தது 3 கோடியே 20 லட்சம் பவுனுக்கு மேல்! அது முழுவதும் ஆஸ்பத்திரி நல நிதிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

வில்லங்கம் பிறகு வந்தது. அவர் பெயரில் குடும்பத்தார் தனி அறக்கட்டளை தொடங்கினார்கள். தாத்தாவின் புத்தகம் விற்ற பணத்தில் அறக்கட்டளைக்குப் பங்கு போகும் என்று ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். அறக்கட்டளை பெயரைச் சொல்லி அனுமதி கேட்ட கட்டடத்தில் நீச்சல் குளம் முளைத்தது. 2024-ல் கட்டடம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் கமிஷன் அறிக்கை வெளியிட்டு, முறைகேடு நடந்தது என்றது. மகளும் மருமகனும் எந்த அறக்கட்டளையிலும் பொறுப்பு வகிக்கக் கூடாது என்று முன்பே தடை போட்டாகிவிட்டது. தாத்தா 2021-லேயே காலமாகிவிட்டார். நல்லவேளை, இதைப் பார்க்கவில்லை.

பரிசுச் சீட்டு வேண்டாம்!

நம்ம ஊரில் குழு சேர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 1964-ல் பம்பாய்க்கு வந்த போப் ஆறாம் பால், தன் வெள்ளைக் காரை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைக் குலுக்கலில் விட்டு, தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் பணம் சேர்த்தார். பலே யோசனைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. "தர்ம காரியத்துக்குத்தானே சார்" என்று சீட்டு அடித்து விற்றால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டி வரும்.

இரண்டாவது, ரசீது. பழைய முறையில் வருமான வரி கட்டுகிற குமாஸ்தா, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வரிச் சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. செக்காகவோ பாங்கி வழியாகவோ கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.