காப்பி வழித்தடம் – 14: காயவே கூடாத துணி

ஜப்பானின் முதல் காப்பிக்கடையைப் போன வாரம் பார்த்தோம். 1888, டோக்கியோவின் உவேனோ, சில ஆண்டுகளில் மூடல், நினைவிருக்கும். இந்த வாரம் வருடக்கணக்கில் பத்திரப்படுத்திய பழங்கொட்டையில் போடும் காப்பி என்று சொல்லியிருந்தேன். அதைக் குடிக்கத்தான் அதே டோக்கியோவின் கின்ஸாவுக்குப் போனேன். போன இடத்தில் கண் ஒரு துணியில் மாட்டிக்கொண்டது. அதை எழுதாமல் மேலே நகர மனம் வரவில்லை.

கடை, கஃபே டி லாம்ப்ர். இச்சிரோ செகிகுச்சி 1948-ல் தொடங்கியது. நூறு வயது தாண்டியும் கடைக்கு வந்துகொண்டிருந்த மனிதர். 2018-ல், 103 வயதில் காலமானார். ‘காப்பி மட்டுமே’ என்கிறது பெயர்ப்பலகை. அதில் காப்பிக்கு எழுதியிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்குக் கொண்டையில் செருகும் அணி என்று பொருள், மற்றதற்கு மணிச்சரம். கிளையில் கொத்தாய்ச் சிவந்திருக்கும் பழத்துக்கு அப்படிப் பெயர் வைத்தவர் உதாகவா யோஆன் (1798–1846) என்கிறார்கள். டச்சு நூல்களைப் படித்து ஜப்பானுக்கு வேதியியலைக் கொண்டுவந்த அறிஞர். ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இன்றைக்கு ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சொற்களை உண்டாக்கியவரும் அவர்தான். மூலகத்துக்குப் பெயர் தேடிய அதே கை காப்பிக்கும் தேடியிருக்கிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

துணிக்கு வருகிறேன். அதன் பெயர் ‘நெரு’. ஃப்ளானல் என்ற சொல்லின் தலையை விட்டுவிட்டு வாலை மட்டும் ஜப்பானியர் வைத்துக்கொண்டார்கள். கம்பி வளையம், மரக்கைப்பிடி, அதில் தொங்கும் சின்னப் பருத்திப் பை. துணியின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பஞ்சு எழும்பிய மென்மை. பஞ்சுப் பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதில் கடைக்குக் கடை கட்சி உண்டு.

மேடைக்கு அந்தப் பக்கம் நின்றவர் பையை இடக்கையில் பிடித்தார். கருக வறுத்து, கொரகொரப்பாக அரைத்த தூள். வலக்கையில் கொக்கு மூக்குக் கெண்டி. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர். தூள் அதைக் குடித்து, மெல்ல உப்பி, நடுவில் பணியாரம்போல் எழும்பியது. அங்கே நிறுத்திவிட்டார். இந்த இடைவெளிக்கு ‘முராஷி’ என்று பெயர். வெந்த சோற்றை மூடி அதன் ஆவியிலேயே விடுவதற்கும் ஜப்பானில் இதே சொல்தான்; நாம் தம்மில் விடுவது என்போமே, அது. பிறகு நூல்போல ஒரே ஒழுக்கு. கெண்டி அசையவில்லை, இடது மணிக்கட்டுதான் பையை மெதுவாகச் சுழற்றியது.

காகிதத்தில் வடித்தால் ஆகாதா? ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் 1908-லேயே காகித வடிகட்டியைக் கொடுத்துவிட்டார். வேலை சுலபம், ஆனால் காகிதம் எண்ணெயைக் குடித்துவிடும். உலோகச் சல்லடை எண்ணெயை விடும், கூடவே பொடியையும் விடும். துணி ஒன்றுதான் எண்ணெயைக் கீழே அனுப்பிக் கசடை மேலே நிறுத்தும். நாக்கில் அந்தக் காப்பி கொழகொழப்பில்லாமல் கனக்கிறது.

அதற்கு விலை, வேலைதான். புதுத் துணியை அப்படியே போட்டுவிட முடியாது. கஞ்சியும் துணி வாடையும் போக, வடித்த காப்பிச் சக்கையோடு கொதிக்கவைக்க வேண்டும். சோப்பு படவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய விடக் கூடாது. நூலிழையில் தங்கிய எண்ணெய் காற்றுப் பட்டால் காறல் வாடை அடிக்கும், அடுத்த காப்பி கெட்டுவிடும். ஆகவே இரவெல்லாம் தண்ணீருக்குள், குளிர்பெட்டியில். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், கடைக்கு விடுமுறை என்றாலும். துளைகள் அடைத்து ஒழுக்கு மந்தமானால் அதன் ஆயுள் முடிந்தது.

கத்சுஜி தாய்போவை நினைத்துக்கொண்டேன். டோக்கியோவின் மினாமி அவோயாமாவில் தன் காப்பிக்கடையில் 1975 முதல் 2013 டிசம்பர் வரை, கட்டடம் இடிபடப்போகிறது என்று மூடும் வரையில், கையால் சுற்றும் உருளையில் தானே வறுத்து, இதே நெருவில் வடித்துக்கொண்டிருந்தவர். முப்பத்தெட்டு வருடம் துணி காயாமல் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று, இந்த மேடைமுன் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

என் கோப்பை வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நான் முதல் வாய் குடிப்பதற்குள் அவர் பையைக் கவிழ்த்துச் சக்கையைத் தட்டி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, குழாயடியில் விரலால் நீவி அலசி, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முக்கிவைத்தார். அதில் ஏற்கெனவே வேறு இரண்டு பைகள் பழுப்பேறிக் கிடந்தன.

கோப்பையில் இருந்தது என்ன கொட்டை, எத்தனை வருடம் பழகியது என்பதெல்லாம் அடுத்த வாரம்.