காந்த ரயிலில் சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதன்பின் சில வாரங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் கனத்த பைகளைப் பார்க்கலாம். ஆர்டர் பிடிக்கக் கிளம்பியவர் பையைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தால், தாம்பரத்தில் காபிக்காரர் குரல் கேட்டுத்தான் எழுந்திருப்பார். மணிக்கு 500 கி.மீ. ஓடும் காந்த ரயிலைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான். தூங்கிக் கழித்த நேரத்தை யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீள ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் அதன் வீடியோவைப் பகிர்ந்ததிலிருந்து, ‘நம்ம பக்கமும் வருமா?’ என்ற கேள்வி டீக்கடை வரை வந்துவிட்டது. குழாய் இல்லாத காந்த ரயிலுக்கே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிவகாசிக்குப் பக்கத்து விருதுநகரிலிருந்து சென்னை எழும்பூர் 536 கி.மீ. வந்தே பாரத்துக்குச் சுமார் ஆறரை மணி நேரம். சராசரி வேகம் 82-தான். விமானம் என்றால் மதுரை ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றேகால், வானத்தில் ஒன்றேகால், மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக முக்கால். மொத்தம் நாலேகால். காந்த ரயில், நடுவில் நாலு ஊரில் நின்று போனாலும், ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணத் தண்டவாள ரயிலின் சராசரி 160-ஐத் தொட்டாலே மூன்றரை மணிக்குள் போய்விடலாம். விமானம் அப்போதே தோற்றுவிடும். அதற்கு மேல் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்துக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

ஆடிக் காற்றில் எதிர்த்து சைக்கிள் மிதித்தவருக்கு விடையில் பாதி தெரியும். காந்தத்தால் ரயிலைத் தூக்கிவிட்டால் சக்கரமும் தண்டவாளமும் உரசுவது இல்லை. தேய்மானம் குறையும், சட்டென்று வேகமெடுக்கும், மேட்டிலும் சுலபமாக ஏறும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வேகத்தில் ரயிலைப் பிடித்து இழுப்பது முக்கியமாகக் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. 250-லிருந்து 500-க்குப் போனால், காற்றோடு மல்லுக்கட்ட மட்டுமே கிலோமீட்டருக்கு நாலு மடங்கு மின்சாரம். விமானம் 10 கி.மீ. உயரத்தில் பறக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஹைப்பர்லூப்காரர்கள் குழாய் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பதும் இதற்காகவே. இன்னொரு வேடிக்கை: 2007-இல் பிரான்சின் டிஜிவி, இரும்புச் சக்கரத்திலேயே 574.8 கி.மீ. வேகம் தொட்டுக் காட்டியது. 2015-இல் ஜப்பானின் காந்த ரயில் படைத்த சாதனை 603. இரண்டுக்கும் இடையே சுமார் 28 கி.மீ.தான் வித்தியாசம்.

மீதிப் பாதி விடை தடத்தில் இருக்கிறது. சாதாரண ரயிலில் மோட்டார் வண்டியில் இருக்கும். அதிவேகக் காந்த ரயிலில் மோட்டாரின் ஒரு பாதியைப் பிரித்துத் தடம் நெடுகச் சுருள் சுருளாகப் பதிக்க வேண்டும். விருதுநகர்–சென்னை என்றால் 536 கி.மீ. நீள மோட்டார். ஷாங்காயில் 30 கி.மீ.க்குப் போட்டார்கள், 431 கி.மீ. வேகத்தில் எட்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடம் நகரத்தின் ஓரத்தில் லாங்யாங் ரோடு; அங்கிருந்து மெட்ரோ பிடிக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய ஜெர்மனி, மியூனிக் விமான நிலையத்துக்குப் போட நினைத்த தடத்தை, மதிப்பீடு 185 கோடி யூரோவிலிருந்து 300 கோடியைத் தாண்டியதும் 2008-இல் கைவிட்டது. ஜப்பான் மட்டும் டோக்கியோ–நகோயா 286 கி.மீ.க்கு விடாமல் மலையைக் குடைகிறது. பெரும்பகுதி சுரங்கம், 2027 என்ற கெடுவும் போயே போய்விட்டது. அவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு: 1964-இல் ஓடத் தொடங்கிய டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் கொரோனாவுக்கு முன்பே தினம் 4 லட்சம் பேருக்கு மேல் போய்வந்தார்கள். அந்தக் கூட்டம் இருந்தால் கணக்கு வேறு.

நம் ஊரில் இன்னொரு சங்கடம். காந்தத் தடத்தில் வேறு எந்த ரயிலும் ஏற முடியாது. செங்கோட்டையிலிருந்து ராஜபாளையம், சிவகாசி வழியாக வரும் பொதிகை, இன்று விருதுநகரில் பெரிய லைனோடு சேர்ந்துகொண்டு நேரே சென்னை போகிறது. காந்த ரயில் வந்தால் மூட்டை முடிச்சோடு விருதுநகரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். (மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கும் இதே கதை: அது ஸ்டாண்டர்டு கேஜ், நம்முடையது பிராட்கேஜ்.) பட்டாசை ரயிலில் கொண்டுபோகப் பயணிகளுக்கு எப்போதும் தடை, சரக்கு லாரியில் போகிறது. எந்தக் காந்தமும் அதை மாற்றப்போவதில்லை.

வேகத்துக்கு இங்கே வழியே இல்லை என்றில்லை. மதுரைக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை இரட்டைப் பாதை 2024-இல்தான் முடிந்தது. வந்தே பாரத் பெட்டிகள் 160-இல் ஓடக்கூடியவை. நம் தடம்தான் விடுவதில்லை. வளைவை நிமிர்த்துவதும், சிக்னலை மாற்றுவதும், கேட்டுகளை மூடிப் பாலம் கட்டுவதும் திறப்பு விழாவில் எடுபடாத வேலைகள். சிவகாசி சாட்சியாபுரம் ரயில்வே கேட்டில் பைக்கை அணைத்துவிட்டு வெயிலில் நின்றவர்களைக் கேளுங்கள். அந்த ஒரு பாலத்துக்கு ஊர் எத்தனை வருடம் கேட்டது என்று சொல்வார்கள்.

அந்த வந்தே பாரத்தும் சிவகாசிக்கு வருவதில்லை. காலை ஏழு மணிவாக்கில் விருதுநகரில் அதைப் பிடிக்க, சிவகாசிக்காரர் ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.