பாங்காக்கில் குறைந்த செலவில் தங்க: வாடகையும் வழியும்

பாங்காக் நகரில் குறைந்த செலவில் தங்க இடம் தேடுவோர் முதலில் பார்ப்பது ஓர் இரவுக்கான வாடகையை. அந்நகரில் தங்கும் செலவைப் பெரிதும் தீர்மானிப்பதோ, அறை வாசலிலிருந்து ரயில் நிலையத்தையோ படகுத்துறையையோ சென்றடையும் வழி. இதற்கான காரணம் நகரம் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. 1782இல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை நிறுவியபோது ஆறும் கால்வாய்களுமே அதன் பாதைகளாக இருந்தன. 1860களில் சாரோயன் குருங் சாலை போடப்பட்ட பிறகுதான் சாலைகளின் காலம் தொடங்கியது. அடுத்து வந்த நூறாண்டுகளில் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. அவற்றுக்குக் குறுக்கே நீண்டு ஒடுங்கிக் கிடந்த வயல்களையும் தோட்டங்களையும் உரிமையாளர்கள் தத்தம் விருப்பப்படி மனைகளாகப் பிரித்து விற்றபோது, ஒவ்வொரு நிலத்தின் ஊடாகவும் ஒரு தெரு உண்டாயிற்று. பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே செல்லும் இத்தகைய கிளைத்தெருவே ‘சோய்’ எனப்படுகிறது. நடு எலும்பிலிருந்து பிரியும் மீன் முட்களைப் போல இவை வரிசையாகப் பிரிகின்றன. ஆனால் அடுத்தடுத்த சோய்கள் ஒன்றோடொன்று இணைவது குறைவு, பல முட்டுச்சந்தாகவே முடிந்துவிடுகின்றன.

முன்பதிவுச் செயலிகள் காட்டும் தூரக் கணக்கு ஏமாற்றுவது இந்த அமைப்பினால்தான். நிலையத்திலிருந்து 600 மீட்டர் என்று செயலி சொல்வது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டுக் கணக்கிட்ட தூரமாகும். நடப்பவரோ சோயின் முகப்பு வரை சென்று, பெருஞ்சாலையில் திரும்பி, மீண்டும் நிலையத்தை நோக்கி நடக்க வேண்டியிருப்பதால், அத்தூரம் இரு மடங்காவதும் உண்டு. சோய்களின் எண்களும் வெளியூராருக்குக் குழப்பம் தருவன. நகரின் கிழக்கே நீளும் சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண் கொண்ட சோய்கள் வடபுறமும் இரட்டைப்படை எண் கொண்டவை தென்புறமும் அமைந்துள்ளன. இருபுறமும் சோய்களின் எண்ணிக்கை ஒத்துப்போகாததால், தோங்லோ என்று அழைக்கப்படும் 55ஆம் சோய்க்கு எதிரே இருப்பது 38ஆம் சோய். ஆகவே எண்களின் நெருக்கத்தைக் கொண்டு இடங்களின் நெருக்கத்தை ஊகிக்க இயலாது. அறையைப் பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தில் நடைவழியைத் தேர்ந்து பார்ப்பதும், சோயின் முகப்பிலிருந்து விடுதி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளப்பதும் சில நிமிட வேலைதான்; அறையின் நிழற்படங்கள் எதுவும் இவ்வளவு பயனுள்ள செய்தியைத் தருவதில்லை.

நீண்ட சோய்களின் முகப்பில் ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து காத்திருக்கும் பைக் டாக்ஸி ஓட்டுநர்கள், இந்த நில அமைப்பு தோற்றுவித்த தொழிலைச் செய்பவர்கள். தனியாகப் பயணம் செய்யும் ஒருவருக்கு அவர்கள் பேருதவி. ஆனால் பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் குடும்பத்திற்குப் பின்னிருக்கைப் பயணம் ஏற்றதன்று. அத்தகைய குடும்பம் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மலிவான அறையை எடுத்தால், ஒவ்வொரு முறை வெளியே செல்லும்போதும் டாக்ஸியை நாட வேண்டிவரும். மழை பெய்யும் மாலைகளில் அந்த டாக்ஸியும் எளிதில் கிடைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் என்பதால், மே முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் தாழ்வான சோய்களில் சில மணி நேரம் தண்ணீர் தேங்குவதும் வழக்கமே. அக்காலத்தில் வாடகை குறைவதன் பயனைப் பெற விரும்புவோர் தரைத்தள அறையைத் தவிர்ப்பது நல்லது.

சாலைகளில் நெரியும் போக்குவரத்திலிருந்து பயணியை விடுவிப்பவை ரயில் பாதைகள். தூண்களின் மேல் ஓடும் உயர்பாதை ரயில் 1999 டிசம்பரிலும், சுரங்க ரயில் 2004இலும், சுவர்ணபூமி விமான நிலையத்தை நகரோடு இணைக்கும் ரயில் 2010இலும் ஓடத் தொடங்கின. உயர்பாதை ரயிலும் சுரங்க ரயிலும் வெவ்வேறு நிறுவனங்களால் இயக்கப்படுபவை என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பயணிக்கு இரு கட்டணங்கள் சேர்ந்துகொள்வது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. எனவே நாள்தோறும் செல்லவிருக்கும் இடங்கள் எந்தப் பாதையில் உள்ளனவோ அந்தப் பாதையிலேயே தங்குவதும், இரண்டும் தேவைப்படுவோர் அவை சந்திக்கும் அசோக், சீலோம் போன்ற சந்திப்புகளுக்கு அருகில் அறை பார்ப்பதும் செலவைக் குறைக்கும். விமான நிலைய ரயில் முடிவடையும் பயா தாய் நிலையம் உயர்பாதை ரயிலோடு இணைவதால், சில நாட்களே தங்குவோருக்கு அப்பகுதி மிகவும் ஏற்றது.

சந்திப்புகளை விட்டு விலகிச் செல்லச் செல்ல வாடகை இறங்குகிறது. சுகும்வித் பாதையில் ஓன் நுத் என்பது 2011 வரை உயர்பாதை ரயிலின் கடைசி நிலையமாக இருந்தது. பாதை அதைத் தாண்டி நீண்ட பின்னரும், நடு நகரத்தோடு ஒப்பிட்டால் வாடகையும் உணவும் அங்கு மலிவாகவே கிடைக்கின்றன. ஆற்றின் மேற்குக் கரையில் 2009இல் ரயில் சென்றடைந்த வோங்வியன் யாய் பகுதியும் அவ்வாறே. பயணிகள் பெருமளவில் கவனிக்காத இந்த மேற்குக் கரை, உள்ளூர் மக்களின் அன்றாடச் சந்தைகள் நிறைந்தது. ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்துவிடலாம். பத்து நிமிடக் கூடுதல் பயணத்திற்கு அஞ்சி நடு நகரத்தில் இருண்ட சிற்றறையை ஏற்பதைவிட இது எவ்வளவோ மேலான ஏற்பாடு.

தமிழ்ப் பயணிகளுக்குச் சீலோம் பகுதி தனிச் சிறப்புடையது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், சீலோம் சாலையும் பான் சாலையும் கூடும் முனையில் இன்றும் வழிபாட்டில் உள்ளது; தாய்லாந்து மக்களும் பெருந்திரளாக அங்கே வழிபடுகின்றனர், நவராத்திரியின் முடிவில் அம்மன் ஊர்வலம் அச்சாலைகளை நிறைக்கிறது. கோயிலைச் சுற்றித் தென்னிந்திய உணவும் கிடைப்பதால், புலால் உண்ணாதோருக்கு இவ்வட்டாரம் ஆறுதலானது. தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு ஏறக்குறைய எல்லாவற்றிலும் சேர்க்கப்படுவதால், காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் உணவும் சைவமாக இருப்பதில்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துகளால் ‘ஜே’ என்று குறித்திருக்கும் கடைகளில் மட்டுமே புலால், முட்டை, பால் ஏதுமற்ற உணவு உறுதியாகக் கிடைக்கும். ஒவ்வொரு வேளை உணவுக்கும் ரயிலேற வேண்டிய இடத்தில் தங்குவது சிக்கனமாகாது. துணி மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற பிரதுநாம் பகுதியிலும், சீக்கியர் கோயிலும் துணிக்கடைகளும் உள்ள பாஹுராத்திலும் இந்திய உணவு எளிதில் கிடைக்கிறது. பாஹுராத்தை ஒட்டிய சாம் யோத்துக்கும் சீனர் வட்டாரமான யாவராத்துக்கும் 2019இல் சுரங்க ரயில் வந்து சேர்ந்தது.

முதுகுப்பைப் பயணிகளின் தெருவாக உலகெங்கும் அறியப்பட்ட காவோ சான் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரிசி வணிகத்தால் பெயர்பெற்ற இத்தெருவில் 1980களின் தொடக்கத்தில், நகரின் 200ஆம் ஆண்டு விழாவைக் காண வந்த வெளிநாட்டாருக்குச் சில குடும்பங்கள் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டதிலிருந்து விருந்தினர் இல்லங்கள் பெருகின. அரண்மனையும் பழைய பௌத்த ஆலயங்களும் நடை தூரத்தில் இருப்பது இதன் பெரும் நன்மை. அருகில் ரயில் இல்லாமையும், நள்ளிரவுக்குப் பின்னும் ஓயாத இசையும் இதன் குறைகள். ஆற்றுப் படகுக்குப் பிரா ஆதித் துறை இருக்கிறது. ஆனால் படகுகள் இருட்டிய பிறகு நின்றுவிடுவதால், மாலைப்பொழுதை நகரின் மறுபகுதியில் கழிக்க விரும்புவோர் திரும்புவதற்கு டாக்ஸியையே நம்ப வேண்டும். பழைய நகரை மட்டும் காண வருவோர், தெருவிலிருந்து சற்று விலகிய பக்கச் சந்துகளில் தங்கினால் நன்மையைப் பெற்றுக் குறையைத் தவிர்க்கலாம். பழைய வழிகாட்டி நூல்கள் பரிந்துரைக்கும் இன்னோர் இடமான ஹுவா லம்போங் ரயில் நிலையச் சுற்றுப்புறம், 2023 ஜனவரியில் நெடுந்தொலைவு ரயில்களுள் பெரும்பாலானவை புதிய மத்திய நிலையத்திற்கு மாற்றப்பட்டதால் தன் பழைய பயனை இழந்துவிட்டது. விடியற்காலை வண்டியைப் பிடிப்பதற்காக இப்போது அங்கே தங்குவதில் பொருளில்லை.

அறையைப் பொறுத்தவரை, மலிவு விடுதிகள் பல பழைய கடைவீடுகளைத் திருத்தி அமைக்கப்பட்டவை. கடைவீடு என்பது கீழே கடையும் மேலே குடியிருப்புமாக, ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலத்தில், இருபுறமும் அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாகக் கட்டப்படும் கட்டடம். முன்னும் பின்னும் மட்டுமே திறப்பு உள்ள அதன் நடுப்பகுதியில் தடுக்கப்படும் அறைகளுக்குச் சன்னல் அமைய வழியில்லை. ஆகையால் வாடகை சந்தேகத்திற்குரிய அளவில் குறைவாக இருந்தால், சன்னல் உண்டா, குளியலறை பொதுவா, மாடிக்கு மின்தூக்கி உண்டா என்று கேட்டறிய வேண்டும். காட்டப்படும் தொகையில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 7 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் அடங்கியுள்ளனவா என்பதும் கேட்க வேண்டியதே. அடங்காவிடில் 1,000 பாட் என்று தோன்றும் அறை 1,177 பாட் ஆகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனியார் நாள் வாடகைக்கு விடும் வீடுகள் விலையில் கவர்ச்சியானவை. ஆனால் 2004ஆம் ஆண்டின் விடுதிச் சட்டப்படி, ஒரு மாதத்திற்குக் குறைந்த காலத்திற்குக் கட்டணம் பெற்றுத் தங்க வைப்பதற்கு உரிமம் வேண்டும், சிறிய இல்லங்களுக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு உண்டு. உரிமமற்ற வீட்டில் தங்குபவரைக் கட்டடக் காவலர் வாசலிலேயே தடுத்து நிறுத்தக்கூடும். வெளிநாட்டார் தங்கும் செய்தியை இடத்துக்கு உரியவர் 24 மணி நேரத்திற்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். 2025 மே மாதம் முதல் நாட்டுக்குள் வருவோர் இணையவழியில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவமும் தங்குமிட முகவரியைக் கேட்கிறது. முதல் சில இரவுகளையாவது முறையான விடுதியில் பதிவு செய்துகொள்வது இக்காரணங்களால் இன்றியமையாதது.

நள்ளிரவில் சென்னையை விட்டுப் புறப்படும் விமானம் விடியற்காலையில் பாங்காக்கில் இறங்குகிறது. விடுதிகளோ வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் அறையைத் தருகின்றன. பெட்டிகளை வைத்துக்கொள்ளவும் குளித்துவிட்டு வெளியே செல்லவும் இடம் தருவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஒருநாள் வாடகை மிச்சமாகும். ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குவோர் ஓன் நுத் போன்ற பகுதிகளில் மாத வாடகைக் குடியிருப்புகளை நேரில் பார்த்து எடுக்கலாம். அங்கே மின்சாரமும் தண்ணீரும் வாடகையில் அடங்காமல் தனியே கணக்கிடப்படுவதால், ஏ.சி. ஓடும் அறைக்கு ஒரு யூனிட் மின்சாரத்திற்கு என்ன விலை என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.