விதைக்கு விட்ட காய்

ஊரிலிருந்து வரும் உறவினரின் பொதிக்குள் அவரை விதை மடித்த கடதாசிச் சரை ஒன்று இருந்தால் எமக்கு எத்தனை மகிழ்ச்சி! சில்க்போர்க்கில் யன்னல் கரையில் முளைக்க வைத்து, குளிர் விட்டதும் தோட்டத்தில் நடுவோம். கொடி படரும். பூவை மட்டும் காணோம். பூக்கத் தொடங்கும்போது உறைபனி வந்து கருக்கிவிடும்.

குறை எமது கைராசியில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். இங்கே ஆனி மாதத்தில் பகல் 17 மணித்தியாலத்துக்கும் மேல். எமது அவரை, சிறகவரை இனங்களில் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். விதை தான் பிறந்த மண்ணின் கணக்கை மறப்பதில்லை.

அப்படியானால் இந்த மண்ணுக்குப் பழகிய விதை எது? 1950இல் சில்க்போர்க்கிற்கு மேற்கேயுள்ள சதுப்பு நிலத்தில் ஒரு மனித உடல் கண்டெடுக்கப்பட்டது. டொலுண்ட் மனிதன் என்று பெயர். ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் பழையது. பிள்ளைகளுடன் நூதனசாலைக்குப் போனவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவன் கடைசியாக உண்டது கஞ்சியும் மீனும்! கஞ்சியில் பார்லி, ஆளிவிதை, அவற்றுடன் வயற்களைகளின் விதைகள் என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்களைகளுள் ஒன்று தமிழ்நாட்டில் சக்கரவர்த்திக்கீரை என்று சமைக்கப்படுவது. அது இன்றும் எமது பாத்திகளில் தானாக முளைக்கிறது. நாமோ பிடுங்கி எறிகிறோம்.

ஊரில் எமது பெற்றோர் நல்ல காயொன்றைப் பறிக்காமல் விதைக்கு விடுவார்கள். முற்றியதும் விதையெடுத்துச் சாம்பல் கலந்து, அடுப்புக்கு மேலே புகட்டில் வைப்பார்கள். அதே வேலையை இங்கும் செய்யலாம். மிளகாயில் முதலில் பழுத்த செடியிலிருந்தே விதை எடுங்கள். குளிருக்கு முன் காய்ப்பதுதான் இங்கு பிழைக்கும். வருடா வருடம் இப்படித் தெரிந்தெடுத்தால் எமது மிளகாயும் மெல்ல மெல்ல இவ்வூருக்குப் பழகும். போஞ்சி, தக்காளி இலகுவானவை. பெரும்பாலும் தம் பூவிலேயே கருக்கட்டும். பூசணி அயல் தோட்டத்துப் பூசணியோடு கலந்துவிடும், கவனம். பைக்கற்றில் 'எப் 1' என்றிருந்தால் அதன் விதை தாயைப்போல் வராது. நன்றாகக் காயவைத்துக் கடதாசி உறையிலிட்டு, இனத்தையும் ஆண்டையும் எழுதுங்கள்.

இன்னொன்று: 2019 மார்கழி முதல், நடுவதற்கான விதையை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தாவர நலச் சான்றிதழின்றிக் கொண்டுவர முடியாது. ஊர்ப்பொதியை இனி நம்பியிருக்க இயலாது. கையில் இருக்கும் விதையை நாமே பெருக்கி, எமக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உறையில் பெயர் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழில் எழுதட்டும்.