பாட்டு வரி ஸ்வரத்தைத் தள்ளும்போது: லிலிபாண்டில் கிடைமட்ட இடைவெளி

ஐந்துகோட்டு நொட்டேஷனில் தமிழ்ப் பாட்டு அச்சடிக்கிறவர்கள், குறிப்பாகத் தேவாலயப் பாடகர் குழுவுக்காகச் செய்கிறவர்கள், அடிக்கடி சொல்வது இது: "ஸ்வரம் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். ஆனா பக்கத்தைப் பார்த்தா ஏதோ இடிக்குது." பெரும்பாலும் இடிப்பது ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள கிடைமட்ட இடைவெளிதான். நான் லிலிபாண்ட் பயன்படுத்துவதால் அதை வைத்தே இதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், இது ஏன் முக்கியம்? புதுப் பாட்டை முதல் தடவை பார்த்துப் பாடுகிறவர் ஒவ்வொரு ஸ்வரத்தின் வாலையும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். கண் தூரத்தைக் காலமாக எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்வரம் தள்ளி இருந்தால் குரல் நீளும், நெருங்கி இருந்தால் விரையும். அதனால் இடைவெளி தப்பாக இருந்தால் தாளமும் தடுமாறும்.

இடம் எப்படிக் கணக்காகிறது?

நம்முடைய பழைய பின்னப் பெயர்கள் இங்கே அப்படியே பொருந்தும்: முழு, அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16). முழு ஸ்வரம் வீசத்தைப் போல 16 மடங்கு நீளம். அதற்காக 16 மடங்கு இடம் கொடுத்தால் பக்கம் தாங்காது. கணினிக்கு முன்னால் பியூட்டர் தகட்டில் ஸ்வரம் செதுக்கியவர்களும் அப்படிக் கொடுக்கவில்லை. காலம் இரட்டிக்கும்போது இடத்தைக் கொஞ்சம்தான் கூட்டினார்கள்.

லிலிபாண்ட் செய்வதும் அதுதான். ஒவ்வொரு பாரிலும் மிகக் குறுகிய ஸ்வரம் எது என்று பார்க்கும். அவற்றில் அதிகமுறை வருவதை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். அது அரைக்காலை விட நீளமாக இருந்தால் அரைக்காலையே வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள உயரத்தை 'கோட்டிடை' என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஸ்வரத்துக்கு 2.4 கோட்டிடை இடம். காலம் இரட்டிக்கிற ஒவ்வொரு முறையும் 1.2 கூடும். அதாவது அரைக்கால் 2.4, கால் 3.6, அரை 4.8, முழு 6.0.

இதெல்லாம் ஸ்பிரிங் மாதிரி. வரியை முழு அகலத்துக்கு நிரப்பும்போது இழுபடும், தேவைப்பட்டால் சுருங்கும். இன்னொரு பக்கம், சுருங்கவே சுருங்காத கம்பிகளும் உண்டு. ஒன்றோடொன்று மோதக் கூடாத பொருள்களுக்கு நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம்தான் அந்தக் கம்பி. ஸ்பிரிங்கும் கம்பியும் என்ற இந்த முறையை 1987-ல் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் கோர்லே ஒரு ஆய்வறிக்கையில் விவரித்தார். பின்னால் வந்த மென்பொருள்கள் பலவற்றுக்கு அதுவே வழிகாட்டி.

தமிழ் எழுத்து எங்கே நுழைகிறது?

பாட்டு வரியின் ஒவ்வொரு அசையும் ஒரு கம்பி. 'கொண்டாட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்-டாட்-டம் என்று பிரியும். கொம்பு, க, கால், ண் என்று 'கொண்' ஒன்றே நாலு துண்டு அகலம். வழக்கமான 20 பாயின்ட் ஸ்டாஃபில் ஒரு கோட்டிடை ஏறத்தாழ 1.76 மி.மீ. ஆக, அரைக்கால் ஸ்வரத்துக்குக் கிடைப்பது 4.2 மி.மீ. அதில் 'கொண்' அடங்கவே அடங்காது. கம்பி ஸ்பிரிங்கைத் தள்ளிவிடும்.

தள்ளுவதோடு முடிந்தால் பரவாயில்லை. அசை ஸ்வரத்தின் நடுவில் உட்காருவதால் முன்னாலும் பின்னாலும் தள்ளும். 'கொண்', 'டாட்' இரண்டும் அடுத்தடுத்த அரைக்காலில் வந்தால் அங்கே இடம் ஊதிப்போகும். அதே பாரில் 'தி', 'ரு' மாதிரி ஒல்லியான அசைகள் கால் ஸ்வரத்தில் இருந்தால் அவை ஒடுங்கியே நிற்கும். இப்போது பாதி நீளமுள்ள ஸ்வரம் அதிக இடத்தில் இருக்கிறது. பாடுகிறவர் அங்கே இழுப்பார்.

என்ன செய்யலாம்?

அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் நகர்த்தத்தான் எல்லோருக்கும் கை போகும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வெளியே துருத்தாத அளவுக்கு எல்லா ஸ்பிரிங்கையும் நீட்டுவதுதான் சரியான வழி. அதற்கு இரண்டு திருகு உண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

ஒன்று, 'காமன் ஷார்ட்டஸ்ட் டியூரேஷன்'. இதை வீசத்துக்கு இறக்கினால் எல்லா ஸ்வரத்துக்கும் சமமாக 1.2 கூடும். அரைக்கால் 3.6, கால் 4.8. இடம் கிடைத்தது, ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.5-லிருந்து 1.33 ஆகிவிட்டது. நீளத்துக்கும் குறுகலுக்கும் உள்ள வித்தியாசம் மழுங்குகிறது.

இன்னொன்று, 'ஸ்பேசிங் இன்கிரிமென்ட்'. 1.2 என்பதை 2.0 ஆக்கிப் பாருங்கள். அரைக்கால் 4.0, கால் 6.0. விகிதம் அதே 1.5. பாட்டு வரி உள்ள பக்கங்களுக்கு நான் இதைத்தான் முதலில் தொடுவேன்.

செலவு காகிதத்தில். நாலு கால் ஸ்வரம் உள்ள பாருக்கு முன்பு 14.4 கோட்டிடை, ஏறத்தாழ 25 மி.மீ. இப்போது 24, அதாவது 42 மி.மீ. 180 மி.மீ. வரியில் 7 பார் நின்ற இடத்தில் 4 நிற்கும். அதனால் திருகை ஏற்றுமுன் கம்பியைக் குறைக்கப் பாருங்கள். ஒடுக்கமான தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வரியின் எழுத்தளவை ஒரு படி குறைத்தால் அகலம் சுமார் 11% குறையும், 6 படி குறைத்தால் சரிபாதி. ஒன்று இரண்டு படிக்கு மேல் வேண்டாம், பின்வரிசையில் நிற்கிறவருக்குக் கண் தெரிய வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க 'கொ-ண்டாட்-டம்' என்று பிரிப்பதும் வேண்டாம். மெய்யெழுத்தில் தொடங்கும் துண்டைத் தமிழ் வாசிக்கிறவர் எதிர்பார்ப்பதில்லை, அங்கேயே தடுக்கிவிடுவார்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பாட்டின் நடுவில் திடீரென்று வீசங்கள் நிறைய வந்தால் அந்த இடத்தில் 'நியூ ஸ்பேசிங் செக்ஷன்' போடுங்கள். அந்தப் பகுதிக்குத் தனியாக அடிப்படை கணக்காகும். கடைசி வரியில் இரண்டே பார் மிஞ்சி, அது பக்கம் முழுக்க இழுபட்டு நின்றால் 'ராகெட் லாஸ்ட்' போட்டு விட்டுவிடலாம்.

மியூஸ்ஸ்கோர் வைத்திருக்கிறவர்களும் இதே வரிசையில் போகலாம். முதலில் எழுத்தளவு, பிறகு ஸ்டைலில் முழுப் பாட்டுக்கான இடைவெளி, கடைசியாக ஃபார்மேட் மெனுவில் பார் பாராக ஸ்ட்ரெட்ச்.

முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு வரியை ஒரு தாளால் மறைத்துவிட்டு ஸ்வரத்தை மட்டும் பாருங்கள். அரைக்காலுக்குப் பின் உள்ள இடம் காலுக்குப் பின் உள்ளதை விட எங்காவது பெரிதாகத் தெரிந்தால், குழு தடுமாறப் போகிற இடம் அதுதான்.