ஜுரம் விட்டது, ஓட்டம் எப்போது?

ஜனவரி மாதம் சென்னையில் மராத்தான். நாலு மாதமாக விடியற்காலையில் எழுந்து, கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகி, பத்து கிலோமீட்டர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். அந்தச் சமயம் பார்த்து ஐப்பசி அடைமழையில் ஜுரம். சளி நெஞ்சில் இறங்கியது. டாக்டர் 'நிமோனியா' என்றார். பத்து நாள் படுக்கை. இப்போது ஜுரம் விட்டுவிட்டது. காலண்டரைப் பார்க்கிறீர்கள், மூலையில் கிடக்கும் ஷூவைப் பார்க்கிறீர்கள். 'நாளைக்கே கிளம்பினால் என்ன?' என்று தோன்றுகிறதல்லவா?

சற்றுப் பொறுங்கள், அம்மணி!

1966-ஆம் வருஷம் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் ஒரு விசித்திரப் பரிசோதனை நடந்தது. நோய் நொடி இல்லாத இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். (சில வீடுகளில் இதை யாரும் பரிசோதனை என்றே நினைக்க மாட்டார்கள்!) எழுந்ததும் அளந்து பார்த்தால், பிராணவாயுவை வாங்கிக்கொண்டு உழைக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ மூப்பு செய்த சேதத்தைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது!

நல்ல உடம்புக்கே இப்படியென்றால், நிமோனியாவில் அடிபட்ட நுரையீரலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பிரிட்டனில் டாக்டர்களுக்கென்று ஒரு கணக்கு வகுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் ஜுரம் தணியும். நாலு வாரத்தில் நெஞ்சு வலியும் கபமும் குறையும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் பெருமளவு குறையும். மூன்று மாதமானாலும் அசதி மட்டும் மிச்சம் இருக்கலாம். பழைய ஆளாக ஆறு மாதம்கூட ஆகலாம். ஐப்பசியில் படுத்தவருக்குத் தை மாதம் இன்னும் அசதி இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல!

மூக்கோடு நிற்கும் வெறும் ஜலதோஷத்துக்கு இத்தனை கெடுபிடி வேண்டாம், மெதுவாக நடக்கலாம். ஜுரம், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்தால் மட்டும் பயிற்சி கூடவே கூடாது. சில வைரஸ்கள் இருதயத் தசையையும் தாக்கும். அந்த நிலையில் ஓடுவது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம். ஓடக் கூடாது என்றால் வாளி வாளியாகத் துணி துவைக்கலாம் என்று அர்த்தமில்லை. மாடிப்படி ஏறித் துணி உலர்த்துவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் இருதயத்துக்கு உழைப்புத்தான். இதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டாக்டர் சம்மதித்த பிறகு, முதலில் சமதரையில் பத்து நிமிஷ நடை போதும். துணைக்குச் சிநேகிதியை அழைத்துப் போங்கள். வம்பு பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? வேகம் சரி. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறதா? வேகத்தைக் குறையுங்கள். அன்றைய உற்சாகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், மறுநாள் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு. சில நாள் நடை சுகமாகப் போனபின், நடுநடுவே ஒரு நிமிஷம் மெல்லோட்டம் சேர்க்கலாம். தூரம் முதலில் கூடட்டும், வேகம் கடைசியில்.

கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு வேறு மாதிரித் தொல்லை. கொஞ்சம் உழைத்தாலும், ஓரிரு நாள் கழித்து உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடும். இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டினால் நோய்தான் கூடும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'போன ஜுரத்தின் மிச்சம்' என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நம் நாட்டில் க்ஷயரோகம் இல்லையென்று சளியைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்வது அவசியம். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். வீட்டுக்கு நடந்து வர வேண்டாம். ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.ஸி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.